பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில்

1

"ரெண்டு மணி நேரம்! ரெண்டே ரெண்டு மணி நேரம் பொறுத்திருந்தா போதும், மேற்கே இருந்து மூவாயிரம் பேர் வந்து —"

"பொறுக்கறதா? எதிரி வந்து வரிசை கட்டி நிக்கிறான் மதாம், அவர் என்ன காப்பி போட்டுக் குடுத்துட்டு —"

"என்னை முழுசா பேச விடுங்க!"

"நாப்பது நிமிஷமா நீங்கதானே பேசறீங்க!"

"உங்க ஆளைப் பாருங்க. இருட்டுல படகு விட்டு, செங்குத்துப் பாறைல ஏறி, விடியறப்போ மேல நின்னான். அவன் தளபதி!"

"அவன் சூதாடி. பின்னால பள்ளம். தோத்திருந்தா இறங்க வழி கிடையாது. ஜெயிச்சுட்டதால புத்திசாலின்னு பேரு."

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது, மாடிப்படியில், பாதியிலிருந்து. எனக்குக் கதைகள் முகமாக வருவதில்லை, குரலாகத்தான் வரும். கியூபெக் நகரத்தில், 1759-ல் பிரெஞ்சுப் படையும் பிரிட்டிஷ் படையும் மோதிய அந்தச் சமவெளியிலிருந்து மூன்று தெரு தள்ளி, ஒரு மூன்றடுக்கு வீட்டின் நடு மாடியில் இருக்கிறேன். கீழ்த்தளத்தில் சொலாஞ், பிரெஞ்சுக்காரி, அறுபத்தெட்டு வயது. மேலே அலிஸ்டர், இந்த ஊரில் மிச்சமிருக்கும் ஆங்கிலக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர், எழுபத்தொன்று. இருவரும் தனியாள். ஒருவருக்கொருவர் எறிவதெல்லாம் என் தரையையும் கூரையையும் தாண்டித்தான் போக வேண்டும்.*

* அவர்கள் பேசுவது பிரெஞ்சு. என் காதுக்குள் நுழைவதற்குள் அது தமிழாகிவிடுகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அதற்கு நான் காரணம் தேடுவதில்லை.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

சொலாஞ் தன் தளபதி மோன்கால்மின் பெயரைச் சொல்லும்போது அவள் கழுத்து தானாக

[அடித்துவிட்டேன். அவள் கழுத்து ஒன்றும் செய்யவில்லை.]

இரண்டாவது வரைவில் பிரெஞ்சுக்காரியிடம் பிரெஞ்சுத் தளபதியையும், ஆங்கிலேயரிடம் பிரிட்டிஷ் தளபதி வுல்ஃபையும் ஒப்படைத்தேன். நாலு பக்கம் ஓடியது. நான் சும்மா இருந்தேன், கைதான் எழுதியது. உரக்க வாசித்துப் பார்த்தபோது ஒரு வரிகூட அவர்கள் குரலில் இல்லை.

மேலே போய் மறுபடி படியுங்கள். மோன்கால்மைத் திட்டுவது சொலாஞ். வுல்ஃபைச் சூதாடி என்பது அலிஸ்டர். ஒவ்வொருவரும் சொந்தத் தளபதியைக் கைவிட்டு, அடுத்தவருடைய தளபதிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். பதினோரு வருடமாக இதைக் கேட்கிறேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் காதில் விழுந்தது.

ஏன் என்று கேட்டேன். தனித்தனியாகத்தான் கேட்டேன், பயம் காரணம்.

"கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடம்," என்றாள் சொலாஞ். "மோன்கால்ம் செத்த கதையை வருஷா வருஷம் சொல்லி அழுவாங்க. எட்டு வயசுல கையத் தூக்கி, 'ஏன் சிஸ்டர் அவர் கொஞ்சம் காத்திருக்கல?'ன்னு கேட்டேன். சாயந்திரம் வரைக்கும் மூலைல நிக்க வெச்சாங்க. இன்னும் எவளும் பதில் சொல்லல."

அலிஸ்டர் சொன்னது இது: "எங்க சாப்பாட்டு மேசைக்கு மேல வுல்ஃப் சாகிற படம் தொங்கும். ஒரு மனுஷன் சாகறதப் பாத்துக்கிட்டே முட்டை தின்னு வளந்தவன் நான். அதுக்கு மேல எப்படிங்க மரியாதை வரும்?"

3

இனி ஒரு கட்டுரைத் துண்டு. வேண்டாதவர்கள் நான்காவதுக்குத் தாவலாம்.

1759, செப்டம்பர் 13. கோடை முழுக்க வுல்ஃப் தடுமாறினார், ஜூலை கடைசியில் மோதிப் பார்த்துத் தோற்றார், நோயாளி, கீழிருந்த தளபதிகளோடு ஒத்துப்போகவில்லை. கடைசியில் யாரும் எதிர்பாராத பாறையில் ஏறினார். மோன்கால்ம் அந்தக் கோடை முழுக்கச் சரியாகத்தான் செய்தார்: அசையாமல் இருந்தார், குளிர்காலம் எதிரியைத் துரத்தட்டும் என்று காத்தார். மூன்று மாதம் காத்தவர், கடைசிக் காலையில் பத்து மணி வாக்கில் பாய்ந்துவிட்டார். மேற்கிலிருந்து அவருக்கு வரவேண்டிய உதவிப்படை நண்பகலில் வந்தது. சண்டை அரை மணிகூட நீளவில்லை. வுல்ஃப் ஜெயித்து, களத்திலேயே இறந்தார்; தோற்ற மோன்கால்ம் மறுநாள் விடியற்காலையில். ஊர் இப்போது இருவர் பெயரையும் ஒரே தூணில் வைத்திருக்கிறது.

யார் பெரிய தளபதி? வாழ்நாள் முழுக்கக் காத்துவிட்டு ஒருநாள் பொறுக்காதவரா? வாழ்நாள் முழுக்கப் பொறுக்காமல் ஒருநாள் சரியாக ஏறியவரா? எனக்குத் தெரியவில்லை. இந்தக் கேள்வி தளபதிகளைப் பற்றியதுதானா என்ற சந்தேகமும் ஜனவரியில் வந்தது.

4

ஜனவரியில் அலிஸ்டர் ஒரு கடிதத்தோடு வந்தார். நன்றாகப் பேசுவார், எழுத்தில் தடுமாறுவார். பிழை பார்க்கச் சொன்னார். வீட்டுக்காரருக்கு எழுதியது: ஜூலை முதல் தேதியோடு காலி செய்கிறேன். இந்த ஊரே வீடு மாறும் தேதி அது. ஆட்டவாவில் மகன் ஓர் அறையை ஒழித்து வைத்திருக்கிறான். மார்ச் முப்பத்தொன்றுக்குள் கடிதம் கொடுக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் இங்கேதான்.

"சொலாஞ்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீங்களும் சொல்லாதீங்க."

"அப்ப போகணும்னு ஆசையா?"

"பிழை மட்டும் பாருங்கன்னேன்."

கதையில் நான் யாரிடம் வேண்டுமானாலும் எதையும் சொல்லிவிடலாம். படிக்கட்டில் முடியாது. மூன்று மாதம் அந்தக் கடிதம் அவர் மேல்கோட்டுப் பையில் இருந்தது. மூன்று மாதம் அவர்கள் வாசல் பனியை வாரினார்கள். வாரியதை ஓரமாகக் குவித்து, அதையே பாறையாக்கி, மண்வெட்டிக் காம்பால் படகும் படையும் கீறி, சண்டையை நடத்தினார்கள். பாறைமேல் ஏறச் சொல்லுவாள் அவள். மாட்டேன் என்பார் அவர், முட்டி வலியாம்.

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது: தங்கள் தளபதி செய்த பிழையைத் தாங்கள் செய்துவிடக் கூடாது என்றே இருவரும்... வேண்டாம். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.]

5

முடிவுகள்.

அ) "போகாதீங்க," என்றாள் சொலாஞ். — எழுதினேன், கிழித்தேன். அவள் வாயில் அந்தச் சொல் நிற்கவில்லை.

ஆ) ஜூலை முதல் தேதி. வாசலில் லாரி. கீழ்த்தள ஜன்னல் சாத்தியிருக்கிறது. — நன்றாக வந்தது. அதனாலேயே நம்பிக்கை இல்லை.

இ) நான் பிழை பார்த்த கடிதத்தைத் தொலைத்துவிடுகிறேன். — எழுத்தாளரின் அற்ப ஆசை.

ஆகவே, மார்ச் முப்பத்தொன்று காலையில் திறந்த ஜன்னல் வழியாகக் கேட்டதை அப்படியே தருகிறேன். பனி இளகி ஓடுகிறது, வாசலில் அவர்கள் குவித்த பாறை பாதி கரைந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்குக் கடிதம் வாங்க வீட்டுக்காரர் வருகிறார். கீழே உள்ள கடைசிக் கேள்வியோடு கெட்டில் கூவியது, நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

"என்ன தளபதி, காலையிலேயே கோட்டும் டையும்? யாரு சாவு?"

"வீட்டுக்காரர் வர்றார்."

"அவருக்கா டை?"

"ஒரு கடிதம் குடுக்கணும். ஆட்டவாவுல மகன் அறை ஒழிச்சு வெச்சிருக்கான்."

மண்வெட்டி சரசரவென்று வாருவது நின்றது.

"எப்ப எழுதினது?"

"ஜனவரி."

"ஜனவரி! மூணு மாசமா அதை மடியில வெச்சுக்கிட்டா என்கூட வுல்ஃபைப் பத்திப் பேசினீங்க?"

"காத்திருந்தேன். நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, காத்திருக்கணும், காத்திருக்கணும்னு."

"வர்றாங்கன்னு தெரிஞ்ச படைக்குத்தான் காத்திருக்கணும், மனுஷா! சொல்லாம எப்படி வரும்?"

பிறகு நசநசவென்று பனி மிதிபடும் ஓசை, ஒரு வழுக்கல், ஒரு முனகல்.

"ஐயோ, என்ன பண்றீங்க? இறங்குங்க! உங்க முட்டி! அது பாதி கரைஞ்சு போச்சு, உள்ள வாங்கும்!"

"போகாதேன்னு ஒருத்தர் சொல்லுவாங்களான்னு மூணு மாசமா கீழயே நின்னேன்."

"அலிஸ்டர், இறங்குங்க!"

"மாட்டேன். மேல ஏறிட்டேன் சொலாஞ், இறங்க வழி வெச்சுக்கல. இப்ப மணி பத்து, பன்னிரண்டுக்கு அவர் வந்துடுவார். நீங்க என்ன சொல்றீங்க?"