காற்றுப் புகாத பை

பூவம்மா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு ஓடியிராவிட்டால், நூறு நூறு பைகளாகக் கட்டிய நாற்பது பேல்களும் மறுநாள் விழுப்புரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கிடங்கில் கணக்கெழுதும் கருணாகரனும் நிம்மதியாக மாலைக் கல்லூரிக்குக் கிளம்பியிருப்பான்.

அது 2003ஆம் ஆண்டுக் கோடை. திருவொற்றியூரில் தண்ணீர் லாரி வந்தால் கிடங்கில் வேலை அப்படியே நின்றுவிடும். கிழிந்த கோணிகளைத் தைக்கும் பூவம்மா அன்று குடம் கொண்டுவரவில்லை. கட்டு அவிழ்ந்து கிடந்த ஒரு பேலிலிருந்து தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை உருவிக்கொண்டு ஓடினாள். திரும்பி வரும்போது பையின் நடுவிலிருந்து தண்ணீர் நூல் பிடித்ததுபோலப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அவள் புடவை பாதி நனைந்துவிட்டது.

"ஃபாரின் பை, ஃபாரின் பைன்னு பீத்திகினு இருந்தியே கண்ணு! எங்க வூட்டு ஓட்ட வாளியே தேவலாம்."

"அது தண்ணிக்கு இல்லக்கா, உளுந்துக்கு..." என்று தொடங்கிய கருணாகரன் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தான்.

பைகள் ஒரு தொண்டு நிறுவனத்தின் மூலம் விழுப்புரத்து உளுந்து விவசாயிகளுக்கு வெளிநாட்டு உதவியாக வந்தவை. அறுவடை சமயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் உளுந்துக்கு விலை கிடைப்பதில்லை. நான்கு மாதம் வைத்திருந்தால் நல்ல விலை வரும். ஆனால் அதற்குள் வண்டு விழுந்துவிடும். இந்தப் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினால் காற்றில்லாமல் வண்டு செத்துவிடும். உடன் வந்த தாளில் இதையெல்லாம் கருணாகரன் இரண்டு முறை படித்திருந்தான். ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் பை வீண் என்றும் அதில் இருந்தது.

அவிழ்ந்த பேலில் மேலே இருந்த பைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பதினோரு பைகளில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி ஓட்டை. சுமை தூக்குகிறவர்களின் கொக்கி போட்ட ஓட்டை. வெள்ளிக்கிழமை சரக்கு இறங்கியபோது செங்குட்டுவன் மேஸ்திரியின் ஆட்கள் ஒவ்வொரு பேலிலும் கொக்கியைக் குத்தி இழுத்தார்கள். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டவன் கருணாகரன். 'நாற்பது பேல், நல்ல நிலையில்' என்று சரக்குச் சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான்.

அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே, அவன் தெருவிலேயே இருக்கும் செங்குட்டுவன்தான். அவரிடமே போய்ச் சொன்னான்.

"கொக்கி போடாம பேல இடுப்புல வெச்சி கொஞ்சிகினா இட்டாருவாங்க?" என்றார் அவர். "எங்கப்பன் காலத்துலேர்ந்து கொக்கிதான். நீ பாட்டுக்கு எய்திட்டன்னா பத்து பேருக்கு வேல பூடும் நைனா."

"எழுதலன்னா அந்த ஜனங்க பைய நம்பி நாலு மாசம் வெச்சிருப்பாங்க மாமா. பையே குடுக்காம இருந்தா வந்த வெலைக்கு அப்பவே வித்திருப்பாங்க. இப்ப அதுவும் போயிடும்."

செங்குட்டுவன் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். "இவ்ளோ பேசறியே, அன்னைக்கு நீயும் அங்கதான நின்னுகினு இருந்த?"

கருணாகரன் பேல்களின் பக்கம் திரும்பினான். சந்தேகம் வந்தால் முதலிலிருந்து எண்ணுவது அவன் வழக்கம். பேல்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்தான். ஏழாவது பேலில் உதவி தந்தவர்கள் ஒட்டியிருந்த பெரிய தாள், இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் போட்டது, சற்றுக் கோணலாக இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு எட்டிப் பார்த்தது. பூவம்மாவின் பையில் மிச்சமிருந்த தண்ணீரைத் தொட்டுத் தாளை நனைத்து நகத்தால் உரித்தான். அடியில் ஒரு கொக்கியின் படம். அதன் மேல் பெருக்கல் குறி. மற்ற பேல்களிலும் அப்படியே.

செங்குட்டுவன் குனிந்து பார்த்தார். "கை குலுக்கறது சரி, அதுக்குன்னு வாயப் பொத்துவானா?"

கருணாகரனுக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்திலேயே சந்தேகமும் வந்தது: தாள் மறைத்தது சரி, குத்தியது கொக்கிதானே? புதிய சீட்டில் எழுதி உரக்கப் படித்துக் காட்டினான். "கொக்கியால் ஓட்டை. கொக்கி கூடாது என்ற குறி தாளின் அடியில் மறைந்திருந்தது. நின்று கணக்கெடுத்த நான் கவனிக்கவில்லை."

செங்குட்டுவன், "என் பேரயும் போடு. நீ மட்டும் இன்னாத்துக்கு மாட்டிக்கற," என்றார்.

மறுநாள் காலை லாரியோடு வந்த தொண்டு நிறுவனத்துத் தேவகிருபை சீட்டை நின்றபடியே படித்தார்.

"எத்தனை பை ஓட்டை?"

யாருக்கும் தெரியவில்லை.

"தெரியாம நான் ஏத்த மாட்டேன் தம்பி. ஒரு தடவை அவங்க உளுந்து வீணாப் போச்சுன்னா நாங்க மறுபடி அந்த ஊருக்குள்ள கால் வைக்க முடியாது." பிறகு செங்குட்டுவனைப் பார்த்தார். "இந்தச் சீட்டை மேல அனுப்பித்தான் ஆகணும்ங்க. தாள் மறைச்சதையும் நானே எழுதி அனுப்புறேன். அதுக்கு அப்புறம் என் கையில இல்ல."

"அனுப்பும்மா. வர்றது வரட்டும்."

நாலாயிரம் பையிலும் ஊற்றிப் பார்க்கத் தண்ணீருக்கு எங்கே போவது? பூவம்மாதான் வழி காட்டினாள். பையை உதறிக் காற்றைப் பிடித்து, வாயை முறுக்கி, கன்னத்தோடு வைத்து அழுத்தினாள். "ஓட்ட இருந்தா சில்லுன்னு காத்து ஊதும், பாரு." பத்து பேரும் கொக்கிகளை ஆணியில் மாட்டிவிட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"இன்னா மேஸ்திரி, பொண்டாட்டி கன்னம் மாதிரி தடவிகினு கீற?"

"மூடிகினு அமுக்குடா."

பொழுது சாய்வதற்குள் கால்வாசிப் பைகள் தனியே குவிந்தன. மீதியைப் புதிதாகக் கட்டி லாரியில் ஏற்றினார்கள். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியபோது கருணாகரன் கையைக் காட்டினான்.

"அந்தக் கடைசிக் கட்டுல, மேல இருக்கற பை... நான் பாக்கறப்ப தண்ணி லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். சரியாப் பாத்தேனான்னு தெரியல."

"டேய், பேஜாருடா உன்னோட!" என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள்.

செங்குட்டுவன் வழக்கப்படி ஆணியிலிருந்த கொக்கியை எடுத்தார். அதை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பூவம்மாவின் மடியில் போட்டார். லாரியில் ஏறி, கட்டை இரண்டு கைகளாலும் அணைத்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். யாரும் சிரிக்கவில்லை.

கருணாகரன் மேல்பையை உருவி, உதறி, வாயை முறுக்கிக் கன்னத்தில் வைத்து அழுத்தினான். காற்று வரவில்லை. பையைத் திருப்பி, மறுபக்கத்தை அழுத்தினான்.