சர்க்கரை டப்பாவில் அடித்த மணி

தொலைபேசி எண்களின் முன்னாலிருந்த எழுத்துகளை நீக்கிய திங்கட்கிழமை, அவை எல்லாத் தொலைபேசிகளிலிருந்தும் இறங்கி, எறும்புபோல வரிசையாகத் தெருவைக் கடந்து, இணைப்பகத்தில் வேலை பார்த்த பெண்ணின் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் குடியேறின. அன்றைக்குத்தான் மண்ணெண்ணெய் விலையும் ஏறியிருந்தது. அதனால் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

அதுவரை ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்து இருந்தது. பாலத்துப் பக்கத்துக்குப் ‘பா’, சந்தைக்குச் ‘ச’, மேட்டுத்தெருவுக்கு ‘மே’. கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் இணைப்பகத்துப் பெண்கள் கம்பியைச் செருக வேண்டும். மற்றவர்கள் அவசரத்தில் எழுத்தை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் சொல்வார்கள். இவள் மட்டும், வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று கூப்பிடுவதுபோல, எழுத்தையும் வாய் நிறையச் சொல்வாள். எழுத்துகள் அதை மறக்கவில்லை.

ஊர் பெருத்துவிட்டது, எழுத்துகள் போதவில்லை, இனி வெறும் எண்கள்தான், அவரவரே சுழற்றிக்கொள்ளட்டும் என்று தலைமைப் பொறியாளர் முடிவு செய்தார். அவளுடைய நாற்காலியும் அதோடு போயிற்று. “இனிமே வீட்ல நிம்மதியா இருக்கலாம்மா,” என்றார் பெருந்தன்மையாக.

“நிம்மதிக்காக நான் டிகிரி படிக்கல சார்,” என்றாள் அவள். கைநாட்டு வைத்தே காலத்தை ஓட்டிய குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேலை இருந்தவரை வாயை மூடிக்கொண்டிருந்த அத்தை, அன்று சாயங்காலமே மாப்பிள்ளை போட்டோவோடு வந்து சட்டமாக உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை டப்பா அடித்தது. துணையை இழந்த எண்களுக்குப் போக்கிடம் தெரியவில்லை. எழுத்துகள் இருக்கும் இடத்துக்கே வந்து சேர்ந்தன. ஊரில் யார் யாரைக் கூப்பிட்டாலும் மணி அந்தச் சமையலறையில்தான் அடித்தது. சாப்பிட வர நேரமாகும் என்று மனைவியிடம் சொல்லக் கூப்பிட்ட பொறியாளருக்கு இணைப்பகத்துப் பெண்ணின் அம்மாதான் கிடைத்தாள். “நீ எப்ப வேணா வாப்பா. இங்க உனக்கு யாரும் ஆக்கி வைக்கல.”

மகள் உரிய எழுத்தை எடுத்து டப்பா விளிம்பில் உட்கார வைத்து, எண்ணோடு சேர்த்துச் சொன்னாள். பேச்சு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அத்தை கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் மணி குறுக்கே விழுந்ததால், அந்த வாரமே போட்டோவைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தாள்.

பொறியாளர் சாக்கோடு ஜீப்பில் வந்து எழுத்துகளை அள்ளிக்கொண்டு போனார். ஜீப் முக்குத் திரும்புவதற்குள் அவை டப்பாவுக்குத் திரும்பிவிட்டன. பொறியாளரின் பெயர்ப்பலகையிலிருந்து இரண்டு எழுத்துகளும் கூடவே வந்திருந்தன. அடுத்த முறை அவர் நடந்தே வந்தார்.

“என்னம்மா வேணும் உனக்கு?”

“என் நாற்காலி சார். நிரந்தரமா.”

நாற்காலியை இரண்டு பேர் தலையில் வைத்துத் தூக்கி வந்து சமையலறையில் போட்டார்கள். அவள் டப்பாவுக்குள் குனிந்து பேசினாள். முன்வரிசைதான் வேண்டும் என்று எழுத்துகள் அடம்பிடிக்கவில்லை. தொலைபேசியில் எண்களுக்கு அடியில் பொடிப்பொடியாக ஒண்டிக்கொள்ளச் சம்மதித்தன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன. பின்னாளில் இணைப்பகத்துக்கே அவள் தலைமையானாள். பழைய பொறியாளரின் ஓய்வு ஆணையில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான்.

வழி தவறிய அழைப்பு ஒன்றிரண்டு இப்போதும் அந்த டப்பாவுக்கு வருவதுண்டு. அந்த வீட்டில் டீ போடுகிறவர் கரண்டியைக் கீழே வைத்து, யார் வேண்டும் என்று கேட்டு, அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, அப்புறம் சர்க்கரை போடுவார்.