குட்டையில் விழுந்த பத்தாம் மாதம்

சீப்பு வியாபாரி கன்ஸோவின் நிம்மதியை ஆறு வருடமாகக் கெடுத்துவந்தது ஓர் ஊதா நிற மெத்தை.

நிஹோன்பாஷி பாலத்துக்கு வடக்கே, விலாங்கு மீன் கடை மாடியில், புத்தாண்டு பிறந்த ஐந்தாம் நாள் படப் பரிமாற்றக் கூட்டம் கூடும். பதினோரு பேர். ஆளுக்கொரு படம் மரப்பலகையில் செதுக்கவைத்து, அச்சடித்துக் கொண்டுவருவார்கள். எவருடைய படம் மற்றவர்களை அதிக நேரம் திணறடிக்கிறதோ, அவருக்கு வருடம் முழுக்க அந்த மெத்தை. ஆறு வருடமாக அதில் உட்கார்ந்திருந்தவர் சோயா சாஸ் வியாபாரி யாஹெய். அவருடைய பாரத்தில் மெத்தை அப்பளமாகிவிட்டது. அவர் சிரித்தால் சுமிதா நதியில் மீன்கள் எதிர்நீச்சல் போட்டன.

திணறடிப்பது லேசு இல்லை. படத்தில் ஏதாவது பழங்கதை புது உடுப்பு போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குள் அந்த வருடத்தின் நீள மாதங்கள் ஒளிந்திருக்க வேண்டும். எந்த மாதத்துக்கு முப்பது நாள், எதற்கு இருபத்தொன்பது என்பது வருடத்துக்கு வருடம் மாறும். நாட்காட்டி அச்சடிக்கும் உரிமையோ சிலருக்கு மட்டும். அதனால்தான் இந்தக் கண்ணாமூச்சி.

இந்த வருடம் கன்ஸோ பிடித்த கதை, தாடி முனிவர் காட்டு வாத்தின் முதுகில் ஏறி, சுருள் படித்தபடியே ஏரியைக் கடந்த கதை. படத்திலோ தாடியும் இல்லை, முனிவரும் இல்லை. தேநீர்க் கடைப் பெண் ஒருத்தி காதல் கடிதம் படித்துக்கொண்டே மழைக் குட்டையைத் தாண்டுகிறாள். கையில் சுருள் இருக்கவேண்டிய இடத்தில் கடிதம், காலடியில் ஏரிக்குப் பதில் குட்டை, உடுப்பெல்லாம் பறக்கும் வாத்துகள். அந்த வாத்துகளின் இறகுக் கோடுகளுக்குள் ஆறு நீள மாதங்களின் எண்கள்.

கூட்டத்தன்று காலை அச்சுக்காரர் நாற்பது படங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கன்ஸோவின் மனைவி ஓதகி ஒன்றை எடுத்தாள். வாய் அசைய இறகுகளை எண்ணினாள்.

"என்னங்க, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு, எட்டு... பத்தாம் மாசத்தக் காணோமே."

"கண்ணத் தொடச்சுட்டுப் பாரு."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. வாத்துக்குத்தான் ஒரு இறகு கொறையுது."

கன்ஸோ மூக்கு காகிதத்தில் ஒட்டும்படி குனிந்து பார்த்தார். அவர்கள் எழுத்தில் பத்து என்றால் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. அது இருக்கவேண்டிய கடைசி வாத்தின் வால் மொட்டையாக இருந்தது! செதுக்குகிறவர் ஓவியத்தைப் பலகையில் குப்புற ஒட்டி, அதன் மேலேயே உளி ஓட்டுவார். ஓவியம் சீவலோடு போய்விடும், ஒப்பிட்டுப் பார்க்க மிச்சம் எதுவும் இருக்காது.

"பேசாம தூரிகையால ஒரு கோடு இழுத்துவிடுங்க."

"யாஹெய் ஊறுகாயக்கூட எண்ணித் தின்னுற ஆளு. புது மை வாசன பிடிச்சுடுவான். தப்பு நாட்காட்டி கொண்டுவந்தவன்னு அடுத்த புத்தாண்டு வரைக்கும் என்னைய வெச்சுச் சிரிப்பான்டி!"

படத்தைச் செதுக்கிய சென்கிச்சி வீட்டுக்குக் கன்ஸோ ஓடினார். அவர் கோவிலுக்குப் போயிருந்தார். "எங்க இருந்தாலும் விலாங்குக் கடை மாடிக்கு உடனே வரச் சொல்லும்மா" என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு, தன் தலையைத் தானே வெட்டக் கொண்டுபோகிறவர் போல நாற்பது படங்களையும் சுமந்துகொண்டு கூட்டத்துக்குப் போனார்.

மாடியில் சூடான மது சுற்றிவந்தது. கன்ஸோவின் படம் கைமாறியது. முனிவர் கதையைக் கண்டுபிடிக்கவே இரண்டு குடுவை காலியாயிற்று. யாஹெய் தொடையில் தட்டினார்.

"ஓய் கன்ஸோ! தாடியச் செரச்சுட்டு முனிவருக்குப் பொம்பள வேஷமா? நல்லா இருய்யா. சரி, மாசத்தக் காட்டு பாப்போம்."

எல்லோரும் எண்ணினார்கள். ஐந்து கிடைத்தன. ஆறாவதைத் தேடிக்கொண்டேயிருந்தார்கள். விலாங்கு வாட்டும் வாசனை வந்து, கருகும் வாசனையாகவும் மாறிற்று. கன்ஸோவின் முதுகில் வழிந்த வியர்வையில் ஒரு வயலுக்கே நாற்று நட்டிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்த அதே கணத்தில், யாஹெய் படத்தை எட்டப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கத்தினார்.

"அட படுபாவி! குட்டைக்குள்ள!"

பத்துத் தலைகள் முட்டிக்கொண்டன.

"மரச்செருப்புக் கட்டையோட நிழல் நெடுக்க விழுது, தண்ணியோட அலை குறுக்க ஓடுது. பத்து! மனுஷன் இப்படியா ஒளிப்பான்?"

"ஆமாமா!" என்றார்கள் மற்றவர்கள். ஆளாளுக்கு விரல் வைத்தார்கள்.

கன்ஸோவும் பார்த்தார். அவர் கண்ணுக்குக் குட்டை வெறும் குட்டையாகத்தான் இருந்தது. "அதேதான்" என்று மற்ற எல்லோரையும்விட உரக்கச் சொன்னார்.

யாஹெய் எழுந்தார். மெத்தையைத் தட்டி, கன்ஸோ பக்கம் தள்ளி, தரையில் நெற்றி படக் கும்பிட்டார். ஆறு வருடம் காத்திருந்த கும்பிடு அது. கன்ஸோ மண்டியிட்டு உட்கார்ந்தார். முழங்கால் மெத்தையில் படவில்லை, மேகத்தில் பட்டது.

அப்போது கதவு நகர்ந்தது. மூச்சிரைக்க சென்கிச்சி நின்றார்.

"மொதலாளி, கூப்பிட்டீங்களாமே? அந்தப் பத்தாம் மாசந்தானே? உளி வழுக்கி வால் இறகு போயிடுச்சுங்க. அதான் பத்தக் குட்டைத் தண்ணியில போட்டுட்டேன். அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க ஆமையோட்டுச் சீப்பப் பத்தி ஒரு மணி நேரமாப் பேசுனீங்க, மறந்துட்டேன்."

யாஹெய்யின் சிரிப்பு தொண்டையில் ஏறிக்கொண்டிருப்பதைக் கன்ஸோ கண்ணால் பார்த்தார். அது வெளியே வருவதற்குள் மெத்தையிலிருந்து எழுந்துவிட்டார்.

"வாப்பா சென்கிச்சி. ஒனக்குத்தான் ஒக்கார எடம் சூடாக்கி வெச்சிருக்கேன்."

"எனக்கா? சட்டையெல்லாம் மரத்தூளுங்க."

"பரவால்ல. ஆறு வருஷம் சுமந்த பாரத்துக்கு முன்னால மெத்தைக்கு இது தூசு."

இதற்கு யாஹெய்யே சிரித்துவிட்டார். கீழே கடையில் குடுவைகள் ஆடின. பிறகு செதுக்குகிறவருக்கும் நெற்றி தரையில் படக் கும்பிட்டு, கன்ஸோவின் பக்கத்தில் வெறும் பாயில் வந்து உட்கார்ந்தார்.

"பாய் ஜில்லுனு இருக்குய்யா."

"ஆறு வருஷத்துல பழகிடும்" என்றார் கன்ஸோ.

வீட்டில் ஓதகி வாசலிலேயே கேட்டாள். "மெத்தை?"

"சென்கிச்சிக்கு."

"யாஹெய்?"

"எனக்குப் பக்கத்துல. கீழ." அவர் முகம் அகல் விளக்குப் போல இருந்தது. கையிலிருந்த படத்தை நீட்டினார். "ஓதகி, யாருகிட்டயும் சொல்லாத. இதுல குட்டைக்குள்ள பத்து இருக்காம். எங்கன்னு கொஞ்சம் காட்டேன்."

அவர் கேட்டு முடிப்பதற்குள் அவள் விரல் வைத்துவிட்டாள்.

"எங்க?" என்றார் கன்ஸோ.