ஒரு நாள் காத்திருந்த தண்ணீர்

1.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். என் தங்கமீன்கள் செத்ததில் பிறந்த கதை இது. ரஹாங் என்ற ஊரிலுள்ள என் வீட்டில் குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பினேன். மாலைக்குள் ஆறு மீன்களும் செத்து மிதந்தன. மீன்கடை லியாக்கத் அலி தலையில் அடித்துக்கொண்டார்.

"பைப் தண்ணில மருந்து போட்டிருக்கான் லா! ஒரு நாள் தொறந்து வெச்சிட்டு ஊத்தணும் சார்."

இவ்வளவுதானா என்று வெட்கமாகப் போயிற்று. யாரும் சொல்லாமல் இதைத் தானே கண்டுபிடித்த ஒருத்தி இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அவளுக்குப் பஞ்சாலை என்று பெயர் வைத்தேன்.

2.

1943. ரப்பர் மரங்கள் கண்ணீர் வடித்துக்கொண்டு... (அடித்துவிட்டேன். ரப்பர் மரம் பால்தான் வடிக்கும்.)

ராசா என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பங்களாவில் இப்போது ஒரு ஜப்பானிய அதிகாரி. அவருக்குக் கண்ணாடித் தொட்டி நிறையத் தங்கமீன்கள். ஓடையில் ரப்பர் ஆலைக் கழிவு கலந்ததால் டவுன் குழாய்த் தண்ணீரையே ஊற்றினார்கள். மீன்கள் செத்தன. பங்களா வேலைக்காரி பஞ்சாலையிடம் அதிகாரி சொல்லிவிட்டார்: இனி ஒரு மீன் செத்தாலும் அவள் புருஷன் மாயாண்டி சயாமுக்கு ரயில் பாதை போடப் போகவேண்டியதுதான். அந்தத் தோட்டத்திலிருந்து சயாம் போன ஒருவர்கூட அதுவரை திரும்பவில்லை.

3.

குழாயில் பிடித்ததும் மருந்து வாடை அடிக்கும் தண்ணீர், மறுநாள் அடிப்பதில்லை. பஞ்சாலையின் மூக்கு அதைக் கண்டுகொண்டது. (இங்கே குளோரினைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அவளுக்குத் தெரியாத சொல் எதற்கு என்று எடுத்துவிட்டேன்.)

அதிகாரியின் மீனில் சோதிக்க அவள் என்ன பைத்தியமா? ஓடையின் மேல்பக்கம் போய்க் குட்டி மீன்கள் பிடித்து வந்தாள். கையில் கிடைத்த அகலத் தட்டில் தண்ணீரை ஒரு நாள் வைத்து, அவற்றை விட்டாள். செத்துப்போயின.

பால்மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் மாயாண்டி தட்டைப் பார்த்துச் சிரித்தான். "ஏ புள்ள, இது ரப்பர் பால் ஒறைய வைக்கிற தட்டு. ஆசிட்டு ஊறிக் கெடக்கு."

அடுத்த முறை புது மண்சட்டிகள். குட்டி மீன்கள் பிழைத்தன. அதன்பின் ஒரு மாதம் பங்களாவிலும் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

4.

எப்படிச் செய்தாய் என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்த்தவர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி திருநாவுக்கரசு.

முதல் வரைவில் பஞ்சாலை உண்மையைச் சொன்னாள். அதிகாரி மெச்சி, சயாம் போகிறவர் பட்டியலிலிருந்து மாயாண்டியை விடுவித்தார். படித்துப் பார்த்தபோது எரிச்சலாக இருந்தது. அவர் என்ன தர்மம் செய்வது? தவிர, காத்திருந்தால் போதும் என்று தெரிந்துவிட்டால் அவள் எதற்கு? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாம் வரைவில் அவள் நிமிர்ந்து நின்றாள்.

"நான் மோந்து பாத்து ஊத்தினாத்தான் மீனு பொழைக்கும். எங்க வீட்டுக்காரருதான் தண்ணி தூக்கணும். வேற ஆளு தூக்கினா நான் பொறுப்பில்லன்னு சொல்லுங்க கிராணி ஐயா."

5.

திருநாவுக்கரசு சட்டிகளைத் தினமும் பார்ப்பவர். மோந்து பார்க்க வேண்டாம், ஒரு நாள் வைத்தால் போதும் என்று அவருக்குத் தெரியும். சயாம் பட்டியலை எழுதுவதும் அவரே. மாயாண்டியை விட்டுவிட்டால் அந்த இடத்துக்கு அடுத்த பெயர் கிராணியின் சொந்தத் தம்பி.

அவர் வாயைத் திறக்கிறார். என்ன சொல்ல வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வரியை நீங்களே எழுதுங்கள்.

ஆனால் பஞ்சாலை அதற்காகக் காத்திருக்கவில்லை. அதிகாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். வாசலில் வாளியோடு நின்ற மாயாண்டியைப் பார்த்து, "உள்ள கொண்டாங்க" என்றாள்.

நான் அவளுக்கு எழுதிக் கொடுக்காத வரி அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.