பழகுகிறவர்களுக்கான பாலிஷ் மெஷின்

கடைக்குள் நுழைந்ததும் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "சார் வரலையா மேடம்?" என்பதுதான்.

சார் வீட்டில் கார் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். மூன்று வாரமாக அவள் விழுங்கிய பேச்சுக்கு வேறொருத்தியாக இருந்தால் வயிறு வெடித்திருக்கும். "நான்தான் வந்திருக்கேன். கார் கீறலை எடுக்க மெஷின் வேணும். முன்னப் பின்ன பழக்கமில்லை" என்றாள்.

அவளுக்கு வேலை ஊரின் மறு கோடியில், ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கடையில். வேலை முடியும் நேரத்துக்குப் பஸ் வந்தாலும் வரும், வராமலும் போகும். கணவனுக்கு ஆபீஸ் நடக்கிற தூரம். அதனால் கார் பெரும்பாலும் அவள் கையில்தான் இருந்தது, அந்தக் கீறல் வரும்வரை.

அன்று காலையில் கணவன் வாசலில் இருந்து போட்ட கூச்சலில், திருடன் வந்துவிட்டான் என்றுதான் அவளும் மாமியாரும் ஓடினார்கள். ஷெட்டில் கார் நின்றது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் கதவில், கைப்பிடிக்குக் கீழே, முழ நீளத்துக்கு ஒரு கீறல். முந்தின நாள் முழுக்க அவள் காரை விட்டுவிட்டுப் போய் அக்கா வீட்டில் இருந்தாள். அவனோ அன்றைக்கு வண்டியைத் தொடவே இல்லை என்றான். அப்படியானால் அதற்கு முந்தைய இரவு வேலை முடிந்து வந்தவள்தான் கேட் தூணில் உரசியிருக்க வேண்டும். விசாரணை அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் இருந்து அவள் மனசுக்குள் அவனுக்கு நீதிபதி என்று பெயர் வைத்துவிட்டாள்.

நீதிபதி சும்மா இருக்கவில்லை. ஷெட்டின் அரை இருட்டில் ஃபிளாஷ் அடித்துப் படம் எடுத்து, 'எங்க வீட்டு டிரைவரம்மாவின் கைவண்ணம்' என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். நாத்தனார் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக அனுப்பினாள். ஒழுங்காக ஓட்டப் பழகும்வரை சாவி தன்னிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பும் வந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவளும் மன்னிப்புக் கேட்டாளே, அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. தூணில் உரசியதாக நினைவே கிடையாது. ஆனாலும் தூக்கக் கலக்கத்தில் உரசியிருப்போமோ என்று தன்னையே சந்தேகப்பட்டாள். கணவனிடம் கேட்டாள், மாமியாரிடம் கேட்டாள், குழுவில் நாத்தனாருக்கும் தனியாக எழுதினாள். பிறகு தினமும் பஸ் நிறுத்தத்தில் தேவுடு காத்தாள். கீறலை எடுத்துவிட்டால் சாவியைக் கேட்கலாம் என்றுதான் இன்று கடைக்கு வந்திருந்தாள்.

கடைக்காரர் அசட்டு ஆள் இல்லை. சாரை மறந்துவிட்டு வேலையில் இறங்கினார். ஒரு ஸ்டாண்டில் பழைய கறுப்பு பானெட் படுத்திருந்தது. ஒரு மெஷினை எடுத்து அதன் மேல் ஓட்டிக் காட்டினார். பஞ்சு வட்டு சுற்றிக்கொண்டே குளிரில் நடுங்குகிற மாதிரி ஆடியது. இதற்குப் பெயர் டூயல் ஆக்ஷன், பழகுகிறவர்களுக்கு இதுதான் என்றார். ரொம்ப அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிடும், பெயிண்ட் தப்பித்துக்கொள்ளும்.

அடுத்ததைத் தொட்டு, "இது ரோட்டரி. ஒரே வட்டமாச் சுத்தும், வேலை சீக்கிரம் ஆகும். ஆனா கை பழகாம எடுத்தா காட்டிக்கொடுத்துடும்" என்றார். விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். கறுப்பு பானெட்டின் ஒரு பக்கத்தில் மட்டும், வளையல்களை ஒன்றன் மேல் ஒன்று சாய்த்து அடுக்கியது போல அரைவட்டங்கள் மின்னின. சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாதாம். வீட்டு ட்ரில்லில் பஞ்சைச் சொருகித் தேய்க்கிற புத்திசாலிகளுக்கும் இதே கதிதானாம்.

நகத்தை ஓட்டிப் பார்த்தால் கீறல் தட்டுகிறதா என்று கேட்டார். நடுவில் கொஞ்ச தூரம் தட்டுகிறது என்றாள். அந்த இடம் முழுசாகப் போகாது, மங்கும், மற்றது போய்விடும் என்றவர், படம் இருக்கிறதா என்றார். நாத்தனாரின் சிரிப்பு பொம்மைகளைத் தாண்டித் தாண்டிப் போய், நீதிபதி போட்ட அந்தப் படத்தை எடுத்து விரல்களால் பெரிதாக்கினாள்.

நீலக் கதவு. ஃபிளாஷ் வெளிச்சம். கீறல். கீறலின் மேலும் கீழும், அது போகிற வழியெல்லாம், வளையல் அடுக்கிய மாதிரி அரைவட்டங்கள்.

அவள் பானெட்டைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள்.

"ஏற்கெனவே ட்ரில் போட்டுத் தேச்சுப் பார்த்துட்டீங்களா மேடம்?"

"நான் தேய்க்கலை" என்றாள்.

கீறலைக் 'கண்டுபிடித்த' அதே நிமிடத்தில் எடுத்த படம். அதற்கு முன்பே யாரோ அதைத் தேய்த்திருக்கிறார்கள். போன வாரம் ஸ்க்ரூ டிரைவர் தேடியபோது ட்ரில் பெட்டிக்குள் கிடந்த மஞ்சள் பஞ்சும், அதில் அப்பியிருந்த நீலமும் அவளுக்கு ஞாபகம் வந்தன. இடித்தவனும் அவனே, பூசி மெழுகப் பார்த்தவனும் அவனே, மெழுக வராமல் போனதும் அவள் தலையில் கட்டியவனும் அவனே. அவளுக்குக் காதெல்லாம் சூடேறியது. பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

எந்த மெஷின் என்று கடைக்காரர் கேட்டார்.

"பழகுறவங்களுக்குன்னு சொன்னீங்களே, அதையே குடுங்க."

மறுநாள் காலையில் பெட்டியைப் பார்த்ததும் நீதிபதிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. செய்த தப்பைத் தானே சரி செய்ய முன்வந்த மனைவியைப் பாருங்கள் என்று அம்மாவையும் வாசலுக்கு அழைத்து வந்தான். வெயிலில் நிறுத்த வேண்டும் என்று அவள் சாவி கேட்டாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக, மறுபேச்சு இல்லாமல் கொடுத்தான். கேட்டுக்குள்ளேயே இருந்த வெயிலில் வண்டியை நிறுத்தினாள். போன் டார்ச்சைக் கதவில் சாய்த்துப் பிடித்தாள்.

"அத்தை, இந்த வட்டம் வட்டமா இருக்கே, தெரியுதா? ட்ரில்லுல பஞ்சு மாட்டித் தேச்சா இப்படி விழும். உங்க பிள்ளை போட்ட போட்டோவிலயும் இருக்கு. எனக்குக் கீறலைக் காட்டுறதுக்கு முன்னாடியே யாரோ தேச்சிருக்காங்க."

மாமியார் குனிந்து பார்த்தார். கதவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கடைசியில் திரும்பி ஷெட்டின் வெறும் சுவரைப் பார்த்தார்.

"இவ அக்கா வீட்டுக்குப் போன அன்னைக்கு ட்ரில் சத்தம் கேட்டுதே. என்னடான்னு கேட்டதுக்கு ஷெட்டுல அலமாரி மாட்டுறேன்னு சொன்னே. அலமாரி எங்கடா?"

அதற்குப் பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது. சும்மா ஒரு நடை கடைத்தெரு வரைக்கும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தானாம், தூண் குறுக்கே வந்துவிட்டதாம், சொல்லத்தான் நினைத்தானாம், அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டதாம். கடைசியில், "ஒரு கீறலுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றான்.

அவள் டார்ச்சை அணைத்தாள்.

"கீறலுக்கு இல்லை. நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். நீங்க கேட்டுக்கிட்டு நின்னீங்க. பரவாயில்லை, இனிமே பார்த்து ஓட்டுன்னு சொன்னீங்க."

அவன் மெஷின் பெட்டியைத் தூக்கினான். இப்போதே தேய்த்துவிடலாம், இதோ ஒரு நிமிடம், அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாது என்றான். அவள் பெட்டியை அவன் கையிலேயே விட்டுவிட்டுக் காரில் ஏறினாள். அன்றைக்கு அவளுக்குக் காலை வேலை.

"இந்தக் கதவை யாரும் தொட வேண்டாம். அப்படியே இருக்கட்டும். சாவி என்கிட்டதான் இருக்கும். இனிமே நீங்க ஏறுற கதவு அதுதான்."

ரிவர்ஸ் எடுத்தாள். பழக்கதோஷத்தில் அவன் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மறு கையை ஆட்டினான். அவள் கண்ணாடியை மட்டும் பார்த்து ஓட்டினாள். தூணுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்து போகிற அளவுக்கு இடம் இருந்தது.