இடுப்பில் இரண்டு கணு

மூன்றாம் முறையும் இரண்டுதான் வந்தது. தாட்சாயணி நூல் எண்ணும் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு நாட்குறிப்பில் எழுதினாள்: “எறும்பின் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே கணு இரண்டு. எனக்குத் தவறியிருக்கலாம்.”

ஆந்திரா–மெட்ராஸ் எல்லைத் தகராறு தீராத ஐம்பதுகளில், நகரி நெசவுக் குடும்பத்துப் பெண். பகலில் திருப்பதியில் ஒரு கைத்தறிக் கடையில் அதே கண்ணாடியை வைத்துப் புடவைக்கு இழை எண்ணுவாள். மாலை வகுப்பில் விலங்கியல் படிப்பாள். புதுமழைக்கு மறுநாள் நகரியில் பிடித்த ராணி எறும்பு அது. றெக்கை உதிர்ந்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது. அதன் இனத்தை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்காவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது.

கையெழுத்து வாங்கக் கடைசி நாளன்று விலங்கியல் வாத்தியார் நாகபூஷணம் சார் நோட்டைத் திறந்ததும் சிரித்தார்.

“ஏமம்மா, ‘இனம் தெரியவில்லை, கட்டெறும்பு அல்ல.’ இது என்ன எழுத்து? இவ்ளோ பெருசு, கட்டெறும்பு ராணிதான். அடிச்சிட்டு எழுது.”

“கட்டெறும்புக்குக் கணு ஒண்ணுதான் சார். நீங்கதான் போர்டுல போட்டீங்க. இதுக்கு ரெண்டு இருக்குது.”

“உங்க நகரி ஆந்திராவா மெட்ராஸான்னே இன்னும் தீரல. எறும்புக்கு நீ எல்லை போட வந்துட்டியா?”

வகுப்பே சிரித்தது. “எறும்புக்கும் ஒரு எல்லைக் கமிஷன் போட்டுடலாம் சார்!” என்றான் பின் பெஞ்சு சிட்டிபாபு.

தாட்சாயணிக்குக் காது சுட்டது. மடிப்பைக் கணு என்று எண்ணிவிட்டோமோ? ஒருதரம் கடையில் நாற்பது இழையை நாற்பத்திரண்டு என்று சொல்லி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். ஆனால் அன்று எண்ணியது ஒரே முறை. இதை இன்றுவரை ஏழு முறை எண்ணியிருக்கிறாள்.

சார் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து நோட்டைத் தள்ளினார். அவள் பேனாவைத் திறந்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே அதே வரியை மறுபடி எழுதித் தேதியும் போட்டாள்.

“திமிரா? கையெழுத்து கிடையாது. பரீட்சை போச்சு.”

“போனா போவட்டும் சார். அடுத்த வருஷமும் வந்து இதையேதான் எழுதுவேன். இல்லாதத எழுதிக்கினு பாஸாவ வாணாம்.” எறும்பு ஒட்டிய அட்டைமேல் கண்ணாடியை வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். “பாத்துட்டு அடிங்க.”

சிரிப்பு அடங்கிவிட்டது. சிட்டிபாபு எழுந்து நின்று எட்டிப் பார்த்தான். அத்தனை பேர் கண்ணும் தன்மேல் இருக்க, சார் குனிந்தார்.

“ஒண்ணு,” என்றார். கண்ணாடியை இம்மி நகர்த்தியவர், எண்ணுவதை அங்கேயே நிறுத்தினார். குனிந்த தலை நிமிரவில்லை.

“நிறுத்திக்காதீங்க சார்,” என்றாள் தாட்சாயணி. “மேல எண்ணுங்க.”