எட்டு நாற்பத்தேழு

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பார்வையாளர் கணக்கு வரும். அதற்கு முன் சேனல் அலுவலகத்தில் யாரும் சிரித்துப் பேசமாட்டார்கள். வந்த பிறகு ஒரு சிலர் மட்டும் சிரிப்பார்கள். எந்த நிகழ்ச்சியை எந்த நேரத்தில் போடுவது என்று முடிவு செய்கிற அட்டவணைக்காரருக்கு இருபது வருடமாக இதே பிழைப்பு. நிமிடத்துக்கு நிமிடம் எத்தனை வீடுகள் பார்த்தன என்று காட்டும் கோட்டில், ஏறின இடத்தைப் பார்த்துச் சிவப்பு வட்டம் போடுவார். வட்டம் போட்ட காட்சியை அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் இழுப்பார்கள். அவ்வளவுதான் வித்தை.

இந்த வாரமும் பாட்டுப் போட்டியின் கோடு இரவு எட்டு நாற்பத்தேழில்தான் எகிறியிருந்தது. அந்த நிமிடத்தில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, அனுப்பிவிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் மேடையில் நின்று அழுதாள். அவள் அவருடைய அக்கா மகள்.

அது அங்கே யாருக்கும் தெரியாது. ஊழியர்களின் சொந்தக்காரர்கள் போட்டிக்கு வரக்கூடாது என்பது விதி. விண்ணப்பத்தில் ‘உறவினர் யாரும் இல்லை’ என்று அக்கா எழுதியபோது, பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவர் இவர். அது போதாதென்று, ஏழு வாரத்துக்கு முன் அவள் முதன்முதலாக அழுத நிமிடத்தில் வட்டம் போட்டதும் இவருடைய கைதான். பழக்கதோஷம். சொந்தக் குடும்பத்துக்கே சூனியம் வைத்துவிட்டார் மனிதர்.

அன்றிலிருந்து வாராவாரம் அவளைக் கடைசி இருவரில் ஒருத்தியாக நிறுத்துகிறார்கள். அழவிட்டு, காப்பாற்றி, மறுபடியும் பாடவைக்கிறார்கள். தொண்டை புண்ணாகிவிட்டது. மூன்று மாதம் பாடக்கூடாது, மீறினால் குரலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒப்பந்தப்படி, நடுவர்கள் அனுப்பினால்தான் போகமுடியும். அக்கா டாக்டர் சீட்டைக் கொண்டுபோய் நீட்டினாள். அதைக் கேமரா முன்னால் படிக்கவைத்துவிட்டார்கள். அந்த வாரம் கோடு இன்னும் மேலே போனது.

“வேணும்னே தப்பா பாடினேன் மாமா. அப்பவும் அனுப்ப மாட்டேங்கறாங்க,” என்று நேற்று போட்டியாளர்கள் தங்கும் விடுதியிலிருந்து போனில் சொன்னாள். பாதி வார்த்தை வெறும் காற்றாகத்தான் வந்தது.

“நாளைக்கு உண்மையைச் சொல்லிடறேன் பாப்பா. விதிப்படி உன்னை அனுப்பித்தான் ஆகணும்.”

“உங்க வேலை?”

“வேலை கிடக்குது, விடு.”

நிகழ்ச்சித் தலைவியின் அறைக் கதவைத் தட்டினார்.

“மேடம், அந்தப் பொண்ணு என் அக்கா பொண்ணு. மறைச்சது தப்புதான். அவளை அனுப்பிடுங்க, என்னையும் அனுப்பிடுங்க.”

தலைவி கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவரோ எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எத்தனை நாளா இதை மனசுல வச்சு அவஸ்தைப்பட்டீங்க?”

அந்தக் கனிவில் மனிதர் இளகிவிட்டார். “ஏழு வாரம் மேடம். அவ அழறதுக்கு என் கையாலயே வட்டம் போட்டேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைவி அவர் முகத்தையே கண்கொட்டாமல் பார்த்தார்.

“சார், இதை அப்படியே மேடையில வந்து சொல்லுங்க.”

“எதை மேடம்?”

“இப்ப சொன்னதைத்தான். ஒரு வார்த்தை மாத்தவேணாம். மாமா மன்னிப்புக் கேக்கறாரு, மருமக அழறா. அவ இருக்கலாமா போகணுமான்னு ஜனங்க ஓட்டுப் போடட்டும். நாலு வாரம் தாராளமா ஓடும்.”

“அவ குரல் போயிடும் மேடம்.”

“அதையும் சொல்லுங்க.”

“நான் வரலைன்னா?”

“பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டது உங்க அக்கா. அந்தக் காகிதத்தை வக்கீல்கிட்ட கொடுக்கறதா?” அதையும் கனிவாகத்தான் கேட்டார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ‘சொல்லிட்டீங்களா மாமா? பையெல்லாம் கட்டி வச்சுட்டேன். அம்மா கீழ வண்டியோட நிக்கறா.’

“எத்தனை மணிக்குப் போடலாம்?” என்று கேட்டார் தலைவி. “உங்களுக்குத் தெரியாததா?”

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இருபது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

“எட்டு நாப்பத்தேழு, மேடம்.”